மூச்சுக்குள் ஓர் உட்பகை

சென்ற சித்திரை விடுமுறையில், முன்னொரு காலத்தில் என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழாசிரியை. படியேறி வந்தவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். ஏறியவை நான்கே படிகள்.

"ஏன் பிள்ளை, பயணக் களைப்போ?" என்றேன்.

"களைப்பில்லை ஐயா, மூச்சு முட்டுது" என்றார்.

எனக்கு அது பெரும் வியப்பாயிருந்தது. எங்கள் கல்லூரியிலே விருத்தம் படிப்பதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் இலர். நெடிய அடியொன்றை இடையில் மூச்செடாமல் இழுத்து நிறுத்துவார். கேட்டிருப்பவர்க்கே மூச்சு வாங்கும். அந்த நெஞ்சுதான் இப்போது நான்கு படிகளுக்குத் தோற்றது.

அவர் கையிலே கடித உறையொன்று இருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் எழுதிய பரிசோதனை அறிக்கை. "டொக்டர் விளங்கப்படுத்தினவர்தான் ஐயா. அந்தப் பதகளிப்பிலே எனக்கு ஒன்றும் மனத்திலே பதியவில்லை. இது என்ன நோய் என்று எனக்குத் தமிழிலே ஒருக்காற் சொல்லுங்கோ" என்றார்.

வேற்றுமை மயக்கம் பற்றிக் கேட்டால் ஒரு பொழுது முழுதும் பேசலாம். மருத்துவ அறிக்கையை நீட்டினால் பண்டிதன் பாடு திண்டாட்டமே. நல்வாய்ப்பாக, என் பழைய மாணாக்கர் இன்னொருவர் வைத்தியராக இருக்கின்றார். அவரோடு மூன்று மாலைப்பொழுதுகள் அமர்ந்து கேட்டவற்றையும், பின்பு தேடிப் படித்தவற்றையுங் கொண்டு அம்மாணவிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதுவே சற்று விரிந்து இக்கட்டுரையாயிற்று. அவரது இசைவு பெற்றே எழுதுகின்றேன்.

அவருடைய நோய் வந்த வழி இது. ஆறு ஆண்டுகளின் முன் குளிர்காலைகளில் விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுத்தன. பின் நீலம் பாரித்தன. பின் சிவந்து வலித்தன. மலைநாட்டுக் குளிர் என்று கம்பளிக் கையுறை வாங்கினார். அப்பால் விரற்றோல் இறுகி மினுங்கத் தொடங்கிற்று; மோதிரம் கழற்ற முடியவில்லை. பின் வறட்டு இருமல். பின் ஏற்றம் ஏறினால் இளைப்பு. அதனைத் தொய்வு என்று கொண்டு இரண்டு ஆண்டுகள் இன்ஹேலர் கொடுத்தனர். தொய்வு தணியவில்லை, ஏனெனில் அது தொய்வே அன்று. ஈற்றில் வேறொரு வைத்தியர் அவருடைய கைகளைப் பிடித்துப் பார்த்தார். முதுகின் கீழ்ப்புறத்தில் குழாயை வைத்துக் கேட்டார். உடனே மார்பை ஸ்கான் செய்ய அனுப்பினார்.

விரலும் நெஞ்சும் ஒரே நோயின் இரு வாயில்கள் என்பதை அறிந்தவர்க்கே அவ்வாறு கேட்கத் தோன்றும். குளிரில் விரல் வெளுப்பதனை 1862ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து மோரிசு றேனோ என்பார் தம் ஆய்வேட்டில் விரித்தெழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. விரல் வெளுப்பவர் எல்லார்க்கும் கொடுநோய் வருமென்று வாசகர் அஞ்சவேண்டா. பெரும்பாலார்க்கு அது வெறுங் குளிர்க்கூச்சம். ஆனால் விரல் வெளுப்பும், தோல் இறுக்கமும், மாறாத வறட்டிருமலும் ஒருவரிடத்தே கூடுமாயின், மூன்றையும் ஒரே வைத்தியரிடம் ஒரே நாளிற் சொல்லவேண்டும். என் மாணவி ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் சொன்னார். காலம் போயிற்று.

முதுகிலே கேட்ட ஓசையைப் பற்றியும் சொல்லவேண்டும். நெஞ்சொலி கேட்குங் குழாயை 1816இல் ஆக்கியவர் பிரான்சியரான லெனெக். நெஞ்சினுள் எழும் ஓசைகளை வகைவகையாகப் பிரித்துப் பெயரிட்டவரும் அவரே; ஓசைக்கு இலக்கணம் வகுத்தவர் என்ற முறையில் எனக்கு அவர்மீது தனியன்பு உண்டு. இந்நோயில் மூச்சு உள்ளிழுக்கும் முடிவிலே நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு பிய்யொலி கேட்கும். சிறு பிள்ளைகளின் சப்பாத்திலே ஒட்டும் பட்டியைப் பிரிக்கும்போது எழுமே, அவ்வோசை. ஒட்டிக் கிடக்கும் சிற்றறைகள் மூச்சின் வலியால் திறக்கும் ஒலி அது.

நிற்க. நுரையீரலின் அமைப்பைச் சிறிது காண்போம். அதனுள்ளே ஏறத்தாழ 30 கோடி முதல் 50 கோடி வரையான காற்றுச் சிற்றறைகள் உள்ளன. ஒவ்வொரு சிற்றறையையும் மயிர்த்துளைக்குழாய்கள் வலைபோற் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் குருதிக்கும் இடையே உள்ள சுவர், தலைமயிரின் தடிப்பில் நூற்றிலொரு கூறுக்குங் குறைவானது. அச்சுவரூடேதான் ஒட்சிசன் உள்ளே செல்லவும் காபனீரொட்சைட்டு வெளியே வரவும் வேண்டும். சுவர் தடித்தால், காற்று வந்தும் பயனில்லை. தொய்வில் அடைபடுவது காற்று வரும் குழாய். இந்நோயில் கெடுவது சிற்றறைகளின் இடைச்சுவர். குழாயை விரிக்கும் மருந்து சுவரை என்ன செய்யும்?

அச்சுவரிலும், தோலிலும், மூட்டிலும், தசையுறையிலும் ஒன்றாய் ஊடுருவி உடலை ஒரு கட்டாக வைத்திருப்பது தொடுப்பிழையம். தனித்தனி உறுப்பு நோய்களாக எண்ணப்பட்ட சில, உண்மையில் இவ்விழையத்தின் நோய்களே என்று நியூயோர்க் நகரத்துப் போல் கிளெம்பரரும் அவர் துணைவரும் 1942இல் எழுதினர். தோலிறுக்கம், லூபசு, மூட்டுவாதம், தசையழற்சி ஆகியவற்றை இன்று இவ்வினத்தில் வைத்து எண்ணுவர். இவற்றுள் எதுவும் நுரையீரலைத் தொடலாம். தோலிறுக்க நோயே அதனை மிகுதியாகத் தொடுவது. அந்நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஸ்கானிலே நுரையீரற் சுவர் மாற்றம் தென்படும். அவர்தம் உயிருக்கு முதற்பெரும் இடர் இன்று தோலினால் அன்று, நுரையீரலினாலேயே நேர்கின்றது.

இனி, இக்கேட்டைச் செய்வது யார்? கிருமி அன்று, நஞ்சு அன்று, உடலின் காவற்படையே. இதனை ஒப்புக்கொள்ள அறிவியலுக்கு நெடுங்காலம் சென்றது. 1882இலே மெசீனாக் கடற்கரையில் மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர் விண்மீன் வடிவான கடலுயிரின் குஞ்சொன்றினுள் முள்ளொன்றைச் செருகிவைத்துவிட்டு, மறுநாட்காலை உருப்பெருக்கியிற் பார்த்தார். அலைந்துதிரியுங் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. காவற்படையை மனிதர் கண்ணாற் கண்ட நாள் அது. அவரோடு 1908இல் நோபெல் பரிசைப் பகிர்ந்தவர் ஜேர்மானியரான போல் ஏர்லிக். அப்படை தன் உடலையே தாக்கலாகாதா என்ற வினா ஏர்லிக்குக்கு எழாமல் இல்லை. உடல் தன்னையே நஞ்சூட்ட அஞ்சும் என்று சொல்லி, அவ்வச்சத்துக்கு இலத்தீனில் ஒரு பெயருஞ் சூட்டினார். பின்வந்தோர் அதனை 'நடவாது' என்ற விதியாகவே கொண்டுவிட்டனர். பெரியார் ஒருவர் சொன்னதை அவர் சொல்லாத அளவுக்கு இறுக்கிப் பிடிப்பது உரையாசிரியர் உலகில் மட்டும் உள்ள வழக்கமன்று போலும்.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்சு என்பார், லூபசு நோயாளரின் என்பு மச்சையிலே, ஒரு வெண்குருதிக் கலம் இன்னொரு கலத்தின் கருவை விழுங்கி வைத்திருப்பதைக் கண்டார். தன் கலத்தின் கருவுக்கே எதிராகக் குருதியிற் பிறபொருளெதிரிகள் திரிகின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று. 'பிறபொருள்' எதிரி என்ற பெயரே இங்கு இடருகின்றது. எதிர்க்கப்படுவது பிறபொருள் அன்று, தன்பொருள். வள்ளுவர் பகைகளைப் பேசிவந்து, உட்பகைக்கென்று வேறோர் அதிகாரம் வகுத்ததன் காரணம் எனக்கு இவ்விடத்தே நன்கு விளங்கிற்று.

என் மாணவியின் அறிக்கையிலும் அத்தகைய எதிரி ஒன்றன் பெயர் இருந்தது. முறுக்கேறிய மரபிழையை அறுத்து, முறுக்கவிழ்த்து, மீண்டும் ஒட்டும் நொதியம் ஒன்று கலந்தோறும் உண்டு. அந்நொதியத்துக்கு எதிரான பொருள் அவர் குருதியிலே இருந்தது. தோலிறுக்க நோயில் இவ்வெதிரி உடையார்க்கு நுரையீரல் கெடும் வாய்ப்பு மிகுதி.

அறிக்கையிலே என்னை மிகவும் அலைத்த சொல் வேறொன்று. கலத்துக்குக் கலம் செய்தி செல்லுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. 'சமிக்ஞை' என்று எழுதினேன். புகைவண்டி நிலையக் கைகாட்டி நினைவுக்கு வந்தது. 'சைகை' என்றேன், ஊமையர் பேச்சாயிற்று. கைகாட்டி ஓரிடத்தே நிற்பது. சைகை கண்ணுக்கு எதிரே நிகழ்வது. கலமொன்று சுரக்கும் புரதமோ குருதியிலும் நிணநீரிலும் வழிநடந்து, தன்னை ஏற்கும் வாயில் எங்குளதென்று அறிந்து, அங்கே சென்று உரைப்பது. இதற்குத் தமிழிலே பழஞ்சொல் இருக்க நான் ஏன் தேடி அலைந்தேன்? தூது. புறாவையும் தென்றலையும் தூதுவிட்ட மொழிக்குப் புரதத்தைத் தூதுவிடுதல் அரிதோ!

இத்தூதர்களில் முதலில் பெயர்பெற்றது இன்டர்பெரோன். 1957இல் இலண்டனில் ஐசாக்சு, லிண்டன்மன் என்னும் இருவர் கண்டது. வைரசு புகுந்த கலம் தன் அயலாருக்கு 'கதவடையுங்கள்' என்று சொல்லிவிடும் தூது அது. இன்னொன்று இன்டர்லியூக்கின்-6. யப்பானின் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோவின் குழுவினர் 1986இல் அதன் மரபலகைப் பிரித்தறிந்தனர். இன்டர்லியூக்கின் என்பதற்கு வெண்கலங்களின் இடைப்பட்டது என்று பொருள். 'வெண்கலம்' என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு வைத்திய மாணாக்கர் சிரித்தார். பாத்திரக் கடை நினைவு வந்ததாம். ஆகவே வெண்குருதிக் கலம் என்றே எழுதுவோம்.

தூதன் வாயிலை அடைந்தபின் நடப்பது இன்னும் நயமானது. இன்டர்லியூக்கின்-6 கலத்தின் உள்ளே நுழைவதில்லை. வெளியே உள்ள ஏற்பியிலே பொருந்துகின்றது. பொருந்தியதும், ஏற்பியின் உட்புறத்தே காத்திருக்கும் நொதியங்கள் விழித்து, அருகிலுள்ள புரதமொன்றின்மீது பொசுபேற்று அடையாளத்தை இடுகின்றன. அடையாளம் பெற்ற புரதங்கள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து கருவினுள் சென்று, எந்த மரபலகுகள் வேலை செய்யவேண்டும் என்று ஏவுகின்றன. வாயிலோன் கேட்டு, அகத்தார்க்கு உரைத்து, அரசன் ஆணை பிறக்கும் முறை இது. தூதன் பொய்யனாயினும் வாயிலோன் அதனை அறியான். இடர் அங்கேதான்.

தோலிறுக்க நோயில் முதலில் ஊறுபடுவது நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவர் என்பர். விரல் வெளுப்பு அதன் வெளித்தோற்றம். ஊறுபட்ட இடத்துக்குக் காவற்கலங்கள் வருகின்றன. வந்தவை தூதுகளை விடுகின்றன. ஊறு ஆறியதும் 'போதும்' என்ற தூது வந்து யாவும் அடங்கவேண்டும். இந்நோயில் அத்தூது வருவதில்லை. அல்லது வந்தும் கேட்பாரில்லை. ஓயாத ஏவலினால், இழையத்தில் அமைதியாய் வாழும் நார்க்கலங்கள் இயல்பு மாறுகின்றன. பாதி தசைக்கலம்போல் இழுக்கும் ஆற்றல் பெற்று, கொலாசன் என்னும் நார்ப்புரதத்தைக் குவித்துத் தள்ளுகின்றன. காலிலே வெட்டுப்பட்டால் தழும்பு கட்டுவதும் இவற்றின் பணியே. காலுக்கு அது காவல். காற்றுச் சிற்றறையின் சுவரில் அதே தழும்பு கட்டினால் மூச்சுக்குத் தடை.

இவ்வேவலைச் செய்யும் தூதருள் தலையாயது உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா என்பது. அதன் கதையைக் கேட்டபோது நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். அது சுரக்கும்போதே முத்திரையிட்ட ஓலையாகச் சுரக்கின்றது. இன்னொரு புரத உறைக்குள் அடைபட்டு, இழையத்தின் நார்களிலே கட்டப்பட்டுக் கிடக்கும். முத்திரை உடையும்வரை யாரும் படிக்க இயலாது. முத்திரையை உடைப்பது எது? கலங்கள் உறையைப் பிடித்து இழுக்கும் இழுப்பே. நார் தளர்ந்திருந்தால் உறையும் உடன் இழுபட்டு வரும், முத்திரை உடையாது. நார் இறுகியிருந்தால் உறை நகராது. இழுத்த இழுப்பில் முத்திரை உடைந்து தூது வெளிப்படும். ஆகவே இறுக்கம் தூதை விடுவிக்கின்றது. தூது மேலும் நாரை விளைவிக்கின்றது. நார் மேலும் இறுகுகின்றது. தொடக்கி வைத்த காவற்படை களைத்து நீங்கிய பின்னும் இச்சுழல் தானே சுழலவல்லது. இந்நோயை முற்படவே அறியவேண்டும் என்று வைத்தியர்கள் மன்றாடுவதன் காரணம் இதுவே. அழற்சியை அடக்கலாம், ஆனால் கட்டிய தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றும் இல்லை.

தசையழற்சி இனத்திலே இன்னுங் கொடியது ஒன்றுண்டு. வைரசின் மரபுப்பொருள் கலத்தினுள் புகுந்ததா என்று மோப்பம் பிடிக்கும் காவற்புரதம் எம்.டி.ஏ.5. அது குரைத்தால் இன்டர்பெரோன் பிறக்கும். அக்காவற்புரதத்துக்கே எதிரான பிறபொருளெதிரியைச் சில நோயாளரிடத்தே யப்பானிய வைத்தியர்கள் 2005இல் கண்டு எழுதினர், எதிர்க்கப்படுவது எம்.டி.ஏ.5 என்பது 2009இல் துணியப்பட்டது. இவர்களிற் சிலர்க்குத் தசையில் நோவே இராது. விரல் மூட்டுகளிலே தடிப்பும் புண்ணும், பின்பு சில கிழமைகளுக்குள் மூச்சு முற்றாக ஒடுங்கும் நிலையும். இவர்கள் குருதியில் இன்டர்பெரோனின் ஏவல் ஓங்கி ஒலிக்கும். வாராத வைரசுக்குக் கதவடைத்து வீட்டாரையே மூச்சடைக்கச் செய்வது போன்றது அது.

உள்ளிருந்து வரும் கேடே அன்றி, வெளியிலிருந்து வருந் தூசியும் இவ்வுட்பகைக்குத் துணைபோகின்றது. எடின்பரோவில் கல்தச்சர்களுக்குத் தோலிறுக்கம் மிகுந்து காணப்படுவதை 1914இல் பிராம்வெல் என்பார் எழுதினார். தென்னாபிரிக்கப் பொற்சுரங்கத் தொழிலாளரிடம் அதனையே 1957இல் எரசுமசு கண்டார். 1953இல் கப்லன், வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தாருள் மூட்டுவாதம் உடையாரின் நுரையீரல்களில் உருண்டை முடிச்சுகளை எக்ஸ் கதிர்ப்படத்திற் கண்டார். மூட்டுவாதத்தின் வித்தே சிலர்க்கு நுரையீரலில் ஊன்றப்படுகின்றது என்றும், புகையிலைப் புகை அங்குள்ள புரதங்களைத் திரித்துக் காவற்படையை மயக்குகின்றது என்றும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2006இல் எடுத்துரைத்தனர். முழங்கை மூட்டு வீங்குதற்கும் உதட்டுச் சுருட்டுக்கும் தொடர்பு உண்டென்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நம்பப்போவதில்லை. சொல்லவேண்டியது கடன்; சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் கலங்களின் கதை. இந்நோயோடு ஒரு மனிதர் வாழ்ந்த கதையையும் என் மாணவிக்குச் சொன்னேன். ஓவியர் போல் கிளே. 1879இல் சுவிற்சலாந்தின் பேர்ண் நகர்க்கு அருகே பிறந்து, ஜேர்மனியிலே புகழ்பெற்றவர், வயலினிலும் வல்லவர். 1933இல் நாசிகள் அவரை டுசெல்டோர்ப் கலைக்கழகத்துப் பதவியினின்றும் நீக்கினர். பேர்ணுக்குத் திரும்பினார். 1935இல் உடல் நலங்குன்றிற்று. முதலில் சின்னமுத்து என்றனர். பின்பு மூச்சு இளைத்தது. உணவு விழுங்குதல் அரிதாயிற்று. முகத்தோல் இறுகி முகமூடி போலாயிற்று. 1936ஆம் ஆண்டு முழுவதிலும் அவர் ஆக்கியவை 25 படங்களே. பலர் அத்தோடு தூரிகையை வைத்திருப்பர். கிளேயோ, 1939ஆம் ஆண்டில் மட்டும் 1,253 ஆக்கங்களைத் தம் பதிவேட்டிற் குறித்தார். கோடுகள் தடித்தன, எளிமையாயின. முகங்கள் சில கீறல்களில் முடிந்தன. 1940 ஆனி 29இல், பிறந்த நாட்டின் குடியுரிமை கைக்கு வருமுன்னரே, லொக்கார்னோவுக்கு அருகில் இறந்தார்.

அவர் உயிரோடிருந்த காலத்தில் நோயின் பெயர் வெளியே அறியப்படவில்லை. பின்னாளில் அவர்தம் கடிதங்களையும் மனைவி லில்லியின் கடிதங்களையும் ஆராய்ந்த சுவிசுத் தோல்நோய் வைத்தியர் ஹான்சு சூற்றர் முதலானோர் அது தோலிறுக்க நோயே என்று கொண்டனர். ஓவியத்தின் மாற்றத்தையெல்லாம் நோயின் மேல் ஏற்றிப் பேசுவோரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைஞன் வளர்ச்சியை அவன் தோலின் தடிப்பால் அளத்தல் ஆகாது. ஆயினும் ஒன்று: கிளே நோயுற்றபோது வைத்தியர் கையில் இந்நோய்க்கு ஏற்ற மருந்து எதுவும் இல்லை. மேயோ நிலையத்தில் ஹென்ச் என்பார் மூட்டுவாத நோயாளியொருவருக்குக் கோட்டிசோனை முதன்முதலில் ஏற்றியது 1948 புரட்டாதியில். கிளே மறைந்து எட்டு ஆண்டுகளின் பின்னர்.

அக்கோட்டிசோன் இனமும் தோலிறுக்கத்திற்கு அளவறிந்தே கொடுக்கத் தக்கது. மிகையானால் சிறுநீரகத்தைத் திடீரெனக் கெடுக்கக்கூடும். மூட்டுவாதம் உடைய அயல்வீட்டார் தம் மாத்திரையில் இரண்டைக் கொடுத்துதவும் எங்கள் ஊர் வழக்கத்தை எண்ணி இதனை எழுதுகின்றேன்.

2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, புற்றுநோய் மருந்தாகிய சைக்கிளோபொசுபமைட்டு ஓராண்டு கொடுத்தால் நுரையீரற் குறைவு சிறிது தடுக்கப்படும் என்று காட்டிற்று. 2016இல் அதன் தொடர்ச்சி, மைக்கோபினோலேற்று அதே பயனைத் தீங்கு குறைவாகத் தரும் என்றது. இம்மருந்தின் வேர் பழையது. 1893இல் இத்தாலியரான கோசியோ பூஞ்சணம் ஒன்றிலிருந்து பிரித்த அமிலம் அது. காவற்கலங்கள் பெருகுதற்கு வேண்டிய மூலப்பொருளை அவற்றுக்குக் கிடையாமற் செய்கின்றது. என் மாணவிக்குத் தரப்படுவதும் இதுவே.

நார்க்கலத்தின் வாயில்களிலே தடைபோடும் நின்டெடானிப் என்ற மருந்தை 576 நோயாளரிடத்தே சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டனர். வெறும் மாத்திரை உண்டவர் ஓராண்டில் ஏறத்தாழ 93 மில்லிலீற்றர் மூச்சுக் கொள்ளளவை இழந்தனர். மருந்துண்டவர் இழந்தது 52. இழவு நிற்கவில்லை, மெலிந்தது. எண் சிறிதென்று தோன்றும். பத்தாண்டு வாழவேண்டியவருக்கு அது சிறிதன்று. இன்டர்லியூக்கின்-6 வந்து பொருந்தும் வாயிலையே அடைக்கும் டொசிலிசுமாப் என்ற ஊசிமருந்தைத் தோலிறுக்க நுரையீரல் நோய்க்கென 2021இல் அமெரிக்க அரசு ஏற்றது. தோலை இளக்கும் என்று எதிர்பார்த்துச் சோதித்தார்கள். தோலில் எதிர்பார்த்த அளவு பயன் தெரியவில்லை, நுரையீரலோ காக்கப்பட்டது.

மிகப் புதியது ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரத்திலிருந்து வந்தது. நோயாளியின் காவற்கலங்கள் சிலவற்றை வெளியே எடுத்து, பிறபொருளெதிரி செய்யும் இனத்தை மட்டும் அழிக்கும்படி அவற்றைத் திருத்தி, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். 2021இல் லூபசு நோயாளர் ஒருவர்க்குத் தொடங்கி, தசையும் நுரையீரலும் கெட்டிருந்த ஒருவர்க்கும் செய்து, 2024இல் பதினைவரின் முடிவை வெளியிட்டனர். அவருள் நால்வர் தோலிறுக்க நோயாளர். நம் நாட்டு ஆசிரியைக்கு அஃது எட்டும் நாள் எந்நாளோ என்று வைத்தியரைக் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

குறிப்பை எழுதும்போதெல்லாம் மானிப்பாய்க் கிறீன் வைத்தியரை நினைத்துக்கொண்டேன். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெருநூலை 1872இல் தமிழில் வெளிக்கொணர்ந்தார். கடல்கடந்து வந்தவர் ஒருவர் நுரையீரலைத் தமிழில் விளக்கி ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், தமிழாசிரியை ஒருவர் தம் நுரையீரலைப் பற்றி அறியக் கடித உறையோடு பண்டிதனைத் தேடி வரவேண்டியிருந்தது. அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகள் நூலகத்திலே தூசி படிந்து கிடக்கின்றன. கலம், இழையம், சிற்றறை முதலிய நல்ல சொற்கள் யாவும் அவற்றுள் உள. பாடசாலையோடு அவை நின்றுவிடுகின்றன. நோயாளியின் கட்டிலருகே செல்வதில்லை.

ஆவணி விடுமுறையில் மாணவி மீண்டும் வந்தார். மூச்சுப் பரிசோதனையில் சென்ற முறை கண்ட அளவே இம்முறையும் இருந்ததாம். "கூடவில்லை ஐயா, குறையவும் இல்லை" என்றார். படியேறியதும் இம்முறையும் தூணைப் பிடித்தார். நான் எழுதிக்கொடுத்த குறிப்பைப் பையிலிருந்து எடுத்தார், மடிப்புகள் தேய்ந்திருந்தன. 'நார்ப்பெருக்கம்' என்று நான் எழுதியிருந்த இடங்கள் எல்லாவற்றிலும் பென்சிலால் கோடிட்டு, மேலே 'தழும்பு' என்று திருத்தியிருந்தார்.

"அம்மாவுக்கு வாசித்துக் காட்டினனான் ஐயா. அவவுக்கு இந்தச் சொல்தான் விளங்கினது" என்றார்.

அதனால்தான் இக்கட்டுரையிலும் தழும்பு என்றே எழுதியிருக்கின்றேன்.